வரிசை எண்ணும் துணை வீரனும்

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இரண்டு பொருள்களைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்று ஏற்றம், மற்றொன்று வரிசை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துக்கொண்டு அவற்றை ஏறி இறங்கியே கால் பழகியவர்கள் பலர். உடல் வலிமை ஒருவரை மலையுச்சிக்குக் கொண்டு சேர்க்கும். ஆனால் சந்நிதிக்குள் செல்லும் முறையை அமைப்பது வரிசையே. டிரையத்லான் எனப்படும் முப்போட்டியின் வரலாறும் ஏறத்தாழ இவ்விரண்டின் வரலாறேயாகும்.

நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒருவரே செய்து முடிப்பது முப்போட்டி. 1974ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியகோ நகரில், ஓட்டப் பயிற்சிக் கழகம் ஒன்று வேடிக்கையாகத் தொடங்கிய பந்தயம் இது. 1978இல் ஹவாயில் பதினைந்து பேர் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதன் பின்னர் மாரத்தான் தூரமும் ஓடத் துணிந்தனர், பன்னிருவர் முடித்தனர். அந்நாளில் தகுதிப் பட்டியலும் இல்லை, தரவரிசையும் இல்லை. வந்தவர் ஓடினர், வென்றவர் வீடு திரும்பினர். அவ்வளவே.

1989இல் பிரான்சின் அவின்யோன் நகரில் சர்வதேசச் சங்கம் அமைந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. நீச்சல் 1.5 கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10 என்பது அங்கு வகுக்கப்பட்ட அளவு. சிட்னிக்கு முன்னரே, 1995இல், செய்யப்பட்ட ஒரு விதிமாற்றம் போட்டியின் இயல்பையே மாற்றிவிட்டது. அதுவரை சைக்கிளில் முன்செல்பவரின் முதுகை ஒட்டிச் செல்வது குற்றம். முதல்தர வீரர்களுக்கு அத்தடை நீக்கப்பட்டது.

இதன் பொருளை அறிய வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர், முன்னே ஒரு பார வண்டி மெதுவாகச் செல்லும்போது அதன் பின்னால் ஒதுங்கிய சுகத்தை அறிவார். (அபாயமான சுகம், எவரையும் அதற்குத் தூண்டுவது என் நோக்கமன்று.) வேகமாகச் செல்லும் சைக்கிளுக்குப் பெரும்பகை காற்றே. அதை முன்னவர் கிழித்துக்கொண்டு சென்றால் பின்னவர் தம் வலிமையைச் சேமித்து ஓட்டத்திற்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே தனிமனிதர் போட்டியில் துணைவன் ஒருவனின் தேவை பிறந்தது.

2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குக் கனடா நாடு காலின் ஜென்கின்ஸ் என்பவரை அனுப்பியது. அவர் வெல்வதற்காக அனுப்பப்பட்டவரல்லர். சிட்னியில் பொன் வென்ற சைமன் விட்ஃபீல்டுக்குக் காற்றை மறைப்பதே அவர் பணி. விட்ஃபீல்டு வெள்ளி வென்றார். ஜென்கின்ஸ் ஐம்பதாம் இடத்தில் வந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் லண்டனில் பிரிட்டன் அதே வழியைப் பின்பற்றி, பிரவுன்லி சகோதரர்களுக்குத் துணையாக ஸ்டூவர்ட் ஹேஸ் என்பவரைச் சேர்த்தது. அண்ணன் அலிஸ்டர் பொன்னும் தம்பி ஜானதன் வெண்கலமும் பெற்றனர். பெண்கள் பிரிவில் ஹெலன் ஜென்கின்ஸுக்குத் துணையாக லூசி ஹால் சென்றார். அங்கே பதக்கம் கிட்டவில்லை. துணைக்கு ஒருவரைத் தேர்ந்தால், தம் கால் வலிமையால் அவ்விடத்தைப் பெற்றிருக்கக்கூடிய வேறொருவர் வீட்டில் இருக்க நேரும். இதில் நியாயம் எது என்பதைத் தேர்வுக் குழுவினர் எளிதில் சொல்லிவிடுவர். வீட்டில் இருப்பவருக்கு அது அவ்வளவு எளிதன்று.

இனி வரிசைக்கு வருவோம். அண்மை ஒலிம்பிக்குகளில் ஆண்களுக்கு 55 இடங்கள், பெண்களுக்கு 55 இடங்கள். ஏறத்தாழ ஈராண்டுக் காலம் உலகெங்கும் நடைபெறும் பந்தயங்களில் பெறும் புள்ளிகளைக் கூட்டித் தரவரிசை அமைப்பர். வென்றவர் பெறும் புள்ளியிலிருந்து ஒவ்வோர் இடத்திற்கும் நூற்றுக்கு ஏழரை வீதம் குறைந்துகொண்டே வரும். ஒரு நாட்டிலிருந்து மூவர் செல்ல வேண்டுமாயின் அம்மூவரும் தரவரிசையில் முதல் முப்பதிற்குள் இருத்தல் வேண்டும், இல்லையேல் இருவரே. ஆகவே கண்டம் விட்டுக் கண்டம் சென்று புள்ளி திரட்ட வேண்டும். விமானக் கட்டணம் இல்லாதவனுக்குக் கால் வலிமை மட்டும் போதாது.

புள்ளியின் கடுமையை 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் உலகம் கண்டது. இறுதிப் பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜானதன் பிரவுன்லி வெயிலில் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் தம் வெற்றியை விட்டு, தம்பியைத் தோளில் தாங்கி இழுத்து வந்து எல்லைக்கோட்டில் தள்ளினார். தென்னாப்பிரிக்கரான ஷூமன் முந்திச் சென்று வென்றார். தம்பிக்கு இரண்டாம் இடம். உலகப் பட்டமோ நான்கே புள்ளி வேறுபாட்டில் ஸ்பெயின் நாட்டு மரியோ மோலாவுக்குச் சென்றது.

2019 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்கு முன்னோடியாக நடந்த சோதனைப் பந்தயத்தில் இன்னும் விந்தையான நிகழ்ச்சி. கடும் வெப்பத்தின் காரணமாகப் பெண்களின் ஓட்டம் ஐந்து கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டிருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஜெஸ் லேர்மன்தும் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனும் கை கோத்துக்கொண்டு ஒன்றாக எல்லையைக் கடந்தனர். வேண்டுமென்றே சமநிலை உண்டாக்குவது விதிக்குப் புறம்பு என்று இருவரும் நீக்கப்பட்டனர். மூன்றாவதாக வந்த ஃபுளோரா டஃபிக்கு முதலிடம் கிடைத்தது.

இந்த டஃபியின் ஊர் பெர்முடா. சித்தூர் நகர மக்கள்தொகையில் பாதியளவுகூட இல்லாத சிறு தீவு நாடு. அவருக்குக் காற்றை மறைக்கத் துணைவர் எவருமிலர். பெய்ஜிங்கில் அவர் பந்தயத்தை முடிக்கவில்லை. லண்டனில் நாற்பத்தைந்தாம் இடம். ரியோவில் எட்டாம் இடம். 2021 ஜூலை 27 அன்று டோக்கியோவில் தனியே ஓடி வந்து பொன் வென்றார். அவர் நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பொன் அதுவே. வெள்ளி வென்றவர், முன்பு நீக்கப்பட்ட டெய்லர்-பிரவுன்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 31 அன்று, கலப்புத் தொடர் போட்டி முதன்முதலாக ஒலிம்பிக்கில் நடந்தது. ஈராண், ஈர்பெண் சேர்ந்த அணி; ஒவ்வொருவருக்கும் 300 மீட்டர் நீச்சல், 6.8 கிலோமீட்டர் சைக்கிள், 2 கிலோமீட்டர் ஓட்டம். லேர்மன்த் முதலில் சென்று ஜானதன் பிரவுன்லியின் கையைத் தொட்டார். அவர் டெய்லர்-பிரவுனின் கையைத் தொட்டார். அவர் அலெக்ஸ் யீயின் கையைத் தொட்டார். பிரிட்டன் பொன் வென்றது. ஈராண்டுக்கு முன் கை கோத்ததற்காக நீக்கப்பட்ட அவ்விருவரும், இம்முறை கை தொடுவதே விதியாக உள்ள போட்டியில் பதக்கம் அணிந்து நின்றனர்.

நம் நாட்டைச் சேர்ந்த எவரும் 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக் முப்போட்டியில் நின்றதில்லை. தரவரிசையில் நேரே இடம் பெறாத நாடுகளுக்கென ஒவ்வொரு கண்டத்திற்கும் ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு ஒன்றுமாக இடம் ஒதுக்கியுள்ளனர். ஆசியாவுக்கான அந்த ஒற்றை இடமே இந்திய வீரருக்கு அண்மையில் உள்ள வாயில்.