ஹைகேட் மேல் பிளாட்ஃபாரம்

லண்டன் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போகிற நம்மவர்கள் நார்தர்ன் லைன் பாதாள ரயிலில் வந்து ஹைகேட்டில் இறங்குவார்கள். எஸ்கலேட்டர் ஏறி, ஆர்ச்வே ரோட்டுக்கு வந்து, நேரே கோயிலைப் பார்க்க நடந்துவிடுவார்கள். அவர்கள் இறங்கிய இடத்துக்கு மேலேயே இன்னொரு ஹைகேட் ஸ்டேஷன் இருப்பது பலருக்குத் தெரியாது. சுரங்க வாய்களுக்கு நடுவே, பள்ளத்துக்குள், கான்கிரீட் கூரையோடு ஒரு பிளாட்ஃபாரம். தண்டவாளம் கிடந்த இடத்தில் செடியும் மரமும்.

1867 ஆகஸ்டில் ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேட் வழியாக எட்ஜ்வேருக்கு நீராவி ரயில் விட்டார்கள். ஹைகேட்டிலிருந்து அலெக்ஸாண்ட்ரா பேலஸுக்கு ஒரு கிளை, 1873 மே 24 அன்று, மாளிகையின் திறப்பு விழா நாளிலேயே ஓடத் தொடங்கியது. பதினாறே நாளில் மாளிகை தீக்கிரையானது. பார்க்க மாளிகை இல்லை, ஏற ஆள் இல்லை; ரயில் நின்றது. 1875இல் மாளிகையைத் திரும்பக் கட்டியபோது ரயிலும் திரும்பியது. அதன்பிறகும் கூட்டம் குறைந்தால் நிறுத்துவார்கள், சேர்ந்தால் விடுவார்கள். பிறந்ததிலிருந்தே சீக்காளிப் பிள்ளை.

இதற்கு நல்ல காலம் வரும் என்று 1935இல் ஒரு திட்டம் சொன்னது. பாதையை மின்மயமாக்கி நார்தர்ன் லைனோடு சேர்க்கப்போவதாக அறிவித்தார்கள். பாதாள ரயில் வரைபடத்திலும் வரைந்துவிட்டார்கள். 1939 ஜூலை 3 அன்று ஈஸ்ட் ஃபின்ச்லிக்குப் பாதாள ரயில் வந்தது. அடுத்த வருடம் ஹை பார்னெட்டுக்கும் போனது. அதற்குள் போர். அலெக்ஸாண்ட்ரா பேலஸ் கிளையின் வேலை பாதியில் நின்றது. ஹைகேட் மேல் பிளாட்ஃபாரத்தை மட்டும் புதிதாக்கி, கீழே 1941 ஜனவரியில் பாதாள ஸ்டேஷனைத் திறந்தார்கள். கல்யாணம் நின்றுபோன வீட்டில் பந்தல் மட்டும் மிச்சம்.

போர் முடிந்தும் பணம் வரவில்லை. 1951 அக்டோபரில் நிலக்கரித் தட்டுப்பாடு என்று ரயிலை நிறுத்தி, ஜனவரியில்தான் திரும்ப விட்டார்கள். என்னைக் கேட்டால், ரயில் செத்தது அந்த இரண்டரை மாதத்தில்தான். பஸ்ஸுக்குப் பழகிய கால் ஸ்டேஷன் படி ஏறுமா? 1954 ஜூலை 3 அன்று கடைசிப் பயணிகள் ரயில் போனது. ஈஸ்ட் ஃபின்ச்லிக்குப் பாதாள ரயில் வந்து அன்றோடு சரியாகப் பதினைந்து வருடம்.

பிறகு ஆளில்லாத பாதாள ரயில் பெட்டிகளை பேட்டரி எஞ்சின் வைத்து அவ்வழியே இழுத்துப் போனார்கள். பாலங்கள் தளர்ந்ததால் 1970இல் அதுவும் நின்றது. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். 1984இல் அது ‘பார்க்லேண்ட் வாக்’ என்ற நடைபாதையானது. சில வருடங்களில் அங்கே கார் ரோடு போடும் யோசனை வந்தது. அக்கம்பக்கத்தார் சண்டை போட்டுத் தடுத்தார்கள். 1990இல் இயற்கைக் காப்பிடம் என்று அறிவித்தார்கள்.

க்ரவுச் எண்ட் ஸ்டேஷனில் இரண்டு பிளாட்ஃபாரங்களும் எதிரெதிரே அப்படியே இருக்கின்றன. நடுவில், சக்கரம் ஓடிய தடத்தில் நாம் நடக்கிறோம். பிளாட்ஃபார விளிம்பு இருபுறமும் கூடவே வருகிறது. பக்கத்தில் ஒரு செங்கல் வளைவுக்குள்ளிருந்து ‘ஸ்ப்ரிகன்’ என்ற குட்டிப் பூதம் பாதி உடம்போடு வெளியே எட்டிப் பார்க்கும். சிற்பி மேரிலின் காலின்ஸ் செய்தது. ஹைகேட் சுரங்கங்களுக்குள் மட்டும் போக முடியாது. அங்கே இப்போது வௌவால்கள் குடியிருக்கின்றன.

அடுத்த முறை ஹைகேட் முருகனைப் பார்த்துவிட்டு உடனே பாதாள ரயில் பிடிக்காதீர்கள். ஹோம்ஸ்டேல் ரோட்டில் நடைபாதைக்கு வழி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஃபின்ஸ்பரி பார்க் போய்விடலாம். மழை பெய்திருந்தால் சேறு இருக்கும், நல்ல ஷூவாகப் போட்டுக்கொள்ளுங்கள்.