சாவி யார் கையில்?

1969இல் பிபிசி தொலைக்காட்சியில் ‘தி லிவர் பேர்ட்ஸ்’ என்றொரு நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. லிவர்பூல் நகரத்தில் இரண்டு இளம்பெண்கள் ஒரு சின்ன ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து வாழ்கிறார்கள். கதை அவ்வளவுதான். எழுதியவர்கள் கார்லா லேன், மைரா டெய்லர் என்ற அதே ஊர்ப் பெண்கள். முதலில் பெரிலும் டானும், பிறகு பெரிலும் சாண்ட்ராவும் அந்த வீட்டில் இருந்தார்கள். பெரில் திருமணமாகிப் போனபின் 1975இல் கரோல் வந்தாள். ஆள் மாறினாலும் தொடர் நிற்கவில்லை. 1979 வரை ஓடியது. 1996இல் மறுபடியும் எடுத்தார்கள்.

சாண்ட்ரா நாசூக்கானவள், பெரில் பட்டென்று பேசுகிறவள். வாடகை, காதலன், அம்மாவின் நச்சரிப்பு என்று பேச்சு ஓடும். இதில் அரை நூற்றாண்டுக்கு நினைவு வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அந்த வீட்டில் தகப்பன் இல்லை, கணவன் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை. இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் அவரவர் சாவியால் கதவைத் திறந்துகொள்ளலாம். சண்டை போட்டாலும் சமாதானமானாலும் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டியதில்லை. பிரிட்டனில்கூட அது சாதாரண விஷயமாக இருக்கவில்லை. பால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் அங்கே வந்தது 1975இல்தான். அதற்கு முன் வீட்டுக்கடன் கேட்டுப் போகும் பெண்ணிடம் ஆணின் உத்தரவாதக் கையெழுத்தைக் கேட்பது வழக்கமாக இருந்தது. சொந்த வீடு எட்டாத காலத்தில், பங்கிட்ட வாடகை வீடே பெண்ணுக்குக் கிடைத்த முதல் தனிவாசல்.

தமிழ் அகமரபில் நமக்குத் தோழி உண்டு. தலைவிக்காகப் பேசுவாள், தலைவனைத் தடுப்பாள், தாயிடம் உண்மையை உடைப்பாள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. இத்தனை பேசுகிற அவளுக்கென்று ஒரு வீடு இல்லை. இருவரும் சேர்ந்து இருப்பது தலைவியின் தந்தை வீட்டில். காவல் அங்கே எப்போதும் உண்டு.

தந்தை வீட்டுக்கும் கணவன் வீட்டுக்கும் வெளியே பெண்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நம் நவீன வரலாறு விடுதிகளிலிருந்து தொடங்குகிறது. 1912இல் சாரதா மாதர் சங்கத்தை நிறுவிய சகோதரி சுப்புலட்சுமி, பிராமண இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் பின்னாளில் அவர்களின் இல்லமானது. பெரிய காரியம், ஆனால் சாதி எல்லைக்குள் நடந்த காரியம். தேவதாசி மரபிலிருந்து தப்பிவந்த சிறுமிகள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதவைத் தட்டியபோது, நகரத்து விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் பிறந்தது அந்த மறுப்பிலிருந்துதான். யார் யாரோடு ஒரே பந்தியில் உண்ணலாம், ஒரே அறையில் படுக்கலாம் என்பதைப் பெண்களுக்காக வேறு யாரோ தீர்மானித்த வரலாறு இது. வேலைக்குப் போகும் மகளிருக்கான விடுதித் திட்டத்தை மத்திய அரசு 1972-73இல்தான் கொண்டுவந்தது.

நான் பாடம் நடத்துவது திருவள்ளூர் மாவட்டத்தில். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, பூந்தமல்லி பக்கத்து விடுதிகள் என்று மாவட்டம் முழுக்கக் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. என் மாணவிகள் சிலர் பட்டம் வாங்கிய கையோடு அதில் ஏறிவிடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி நான்கு பேரோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறாள். காலை ஷிப்ட்டுக்குப் போகிறவள் சுருட்டி வைத்த பாயை இரவு ஷிப்ட் முடித்து வந்தவள் விரிக்கிறாள். ஓசூர்ப் பக்கத்துப் பெண் சாம்பாரில் வெல்லம் போட்டதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லையாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு, “ஹவுஸ் ஓனர் ஒரு சாவிதான் தந்திருக்காரு மேம். ஒன்பது மணிக்கு மேல கேட் அவரு பூட்டிடுவாரு” என்றாள். “நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப?” என்றேன். “விடியற வரைக்கும் படியில உட்கார்ந்திருப்போம்.”

விடுதிகளின் நிலை என்ன? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லியை அடுத்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத பெண்கள் பெருந்திரளாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். பலர் பிடித்துச் செல்லப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். ஓர் அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை தங்கியிருந்ததும், சில கழிப்பறைகளில் தண்ணீர் இல்லாததும் அதன்பிறகே செய்தியாயின. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்று திறந்தது.

அந்தப் பெண்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது எது? சங்கம் அழைத்து வந்தவர்கள் அல்ல அவர்கள். பக்கத்துப் பாயில் படுத்தவள் திரும்பி வரவில்லை என்ற கவலைதான் அழைத்து வந்தது. சிறைபோல அடைத்த அறைக்குள்ளும் உறவு முளைத்திருக்கிறது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தை 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் திறந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ‘தோழி’ என்ற பெயரில் தமிழக அரசு விடுதிகள் நடத்துகிறது. கட்டிலும் குளியலறையும் சுத்தமான சோறும் தேவைதான், அவற்றைக் கேட்டுத்தான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. யாரோடு தங்குவது, என்ன சமைப்பது, எப்போது திரும்புவது என்பதைத் தங்குகிறவளே தீர்மானிக்கும்போதுதான் விடுதி வீடாகும்.

வெல்லம் போட்ட சாம்பாரை வைத்து ஒரு தொடர் எழுதலாம். லிவர்பூல் பெண்கள் இருவர் அப்படித்தான் எழுதினார்கள். நம் பெண்களிடம் கதைக்கும் சிரிப்புக்கும் பஞ்சமில்லை. அதற்கு முன், படியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சாவி வேண்டும்.