புதுச்சேரியில் மக்களாட்சி: நெருக்கடியும் மீட்சியும்

1963-இல் சட்டமன்றம் பெற்ற புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் பலமுறை கவிழ்ந்துள்ளன. உள்ளாட்சி மன்றங்களும் நீண்ட காலம் தேர்தலின்றி இருந்துள்ளன. மக்களாட்சி எவ்வாறு தளர்கிறது, எவ்வாறு மீள்கிறது என்று அரசியல் கோட்பாட்டாளர்கள் எழுப்பும் வினாக்களுக்கு இச்சிறு நிலப்பகுதியின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

கோட்பாட்டுப் பின்னணி

மக்களாட்சி வீழ்வது இராணுவப் புரட்சியால் மட்டுமன்று. சட்டத்தின் எழுத்தை மீறாமலேயே அது மெல்ல நலியக்கூடும் என்கின்றனர் அமெரிக்க அறிஞர்களான ஸ்டீவன் லெவிட்ஸ்கி, டேனியல் சிப்லாட் ஆகியோர். 2018-இல் வெளியான தங்கள் நூலில் அவர்கள் எழுதப்படாத இரு நெறிகளை வலியுறுத்துகின்றனர். எதிர்த்தரப்பை முறையான போட்டியாளராக ஏற்பது ஒன்று. கையிலுள்ள சட்ட அதிகாரம் முழுவதையும் பயன்படுத்தாமல் அடக்கம் காப்பது மற்றொன்று.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில் 1835-இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். மக்கள் தன்னாட்சியைக் கற்கும் இடம் உள்ளூர் மன்றம் என்பதே அது.

கீழூரில் வாக்களித்த 178 பேர்

பிரெஞ்சு இந்தியாவில் 1880-ஆம் ஆண்டு ஆணையின்படி கொம்யூன் எனப்படும் நகராட்சிகள் அமைந்தன. 1954 மார்ச்சில் இந்த நகராட்சி மன்றங்கள் இந்தியாவுடன் இணைய விரும்பித் தீர்மானங்கள் நிறைவேற்றின. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமான 178 பேர். இணைப்பை 170 பேர் ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1-இல் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவுற்றது. ஆக, புதுச்சேரியின் அரசியல் எதிர்காலத்தை முடிவு செய்ததில் உள்ளூர் மன்றங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கவிழ்ந்த அரசுகள்

சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர். மேலும் மூவரை நடுவணரசு நியமிக்கலாம். இத்தகைய சிறிய அவையில் ஓரிருவர் கட்சி மாறினாலே அரசு கவிழும். 1968 முதல் 2021 வரை ஏழு முறை குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது. 1974 மார்ச்சில் பதவியேற்ற எஸ். இராமசாமி அரசு ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல், 1977 வரை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை.

ஆயினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. 1979 சனவரியில், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் இணைக்கும் யோசனை எழுந்தது. அதற்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி வெடித்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. இணைப்பு யோசனை கைவிடப்பட்டது.

2021 நெருக்கடி

2016-க்குப் பின் முதலமைச்சர் வெ. நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் அதிகாரம் குறித்துத் தொடர்ந்து மோதல் நிலவியது. 2017-இல் மாநில அரசின் பரிந்துரையின்றி மூன்று உறுப்பினர்களை நடுவணரசு நியமித்தது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

2021 பிப்ரவரியில் ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகினர். பிப்ரவரி 22 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் ஆளும் தரப்பில் 12 பேர், எதிர்த்தரப்பில் 11 பேர். நியமன உறுப்பினர் மூவரையும் சேர்த்தால் எதிர்த்தரப்பு 14. அரசு வீழ்ந்தது. சட்டம் மீறப்படவில்லை, ஆனால் சட்டம் அனுமதிப்பது அனைத்தையும் செய்யலாமா என்ற கேள்வி எஞ்சியது. உறுப்பினர்கள் தாமே பதவி விலகியதையும் மறக்கலாகாது. ஏப்ரல் 6-இல் தேர்தல் நடந்து, என். ரங்கசாமி தலைமையில் புதிய அரசு அமைந்தது. ஒவ்வொரு நெருக்கடிக்குப் பின்னும் மக்கள் வாக்குச்சாவடிக்குத் திரும்பினர் என்பதே இவ்வரலாற்றின் வலிமை.

ஓசையற்ற நெருக்கடி

அரசு கவிழ்ந்தால் தலைப்புச் செய்தி ஆகும். உள்ளாட்சித் தேர்தல் நடக்காவிட்டால் பலரும் கவனிப்பதில்லை. புதுச்சேரியில் 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் நடத்த வலியுறுத்தியது. 2021-இல் தேதிகள் அறிவிக்கப்பட்டும், இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளால் தேர்தல் நின்றது. 2024 முடியும்வரை அது நடைபெறவில்லை. 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தன.

இதன் பொருளைப் பிள்ளைச்சாவடி போன்ற ஊரில் காணலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தமிழ்நாட்டு எல்லையில் அமைந்த இம்மீனவக் கிராமத்தின் பெரும் துயர் கடல் அரிப்பு. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்ததால், வடபுறக் கரை தேய்ந்தது. வீடுகளைக் காக்கக் கல் கொட்டக் கோரி மீனவர்கள் சாலை மறியல் வரை சென்றுள்ளனர். வார்டு உறுப்பினர் இல்லாதபோது, மன்றத்தில் எழ வேண்டிய குரல் சாலையில் எழுகிறது.

புதுப்பித்தல்

ஊராட்சியே எல்லா நோய்க்கும் மருந்து என்பதற்கில்லை. கிராமம் குறுகிய மனப்பான்மையின், வகுப்புவாதத்தின் இருப்பிடம் என்று 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார் அம்பேத்கர். அவ்வச்சத்திற்கு ஓரளவு விடையாக, 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் திருத்தங்கள் பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் உள்ளாட்சியில் இடஒதுக்கீடு அளித்தன. ஆனால் தேர்தலே நடக்காத இடத்தில் அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

புதுச்சேரியின் அனுபவம் உணர்த்துவது இது: சட்டமன்றத் தேர்தல்கள் மக்களாட்சியை மீண்டும் நிலைநிறுத்தின, ஆனால் வேர்மட்டத்தில் அது புதுப்பிக்கப்படவில்லை. கீழூரில் வாக்களித்த உறுப்பினர்களின் வழித்தோன்றலான நாற்காலிகளில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மீண்டும் அமர்வதே அதற்கான முதல் படி.