நல்ல தண்ணீர்தான்

ஸ்பெயினின் வடக்கே நவார்ராப் பகுதியில், லோர்கா என்னும் சிற்றூரின் அருகே சலாடோ என்றோர் ஓடை உண்டு. சலாடோ என்றால் உப்பானது என்று பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில், சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவிலுள்ள புனித யாக்கோபின் கல்லறைக்கு யாத்திரை சென்ற ஒருவர் இவ்வோடையைப் பற்றிச் சில வரிகள் எழுதி வைத்திருக்கிறார். கரையில் நவார்ராக்காரர் இருவர் அமர்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தனர். இந்தத் தண்ணீரைக் குதிரைகளுக்குக் காட்டலாமா என்று யாத்திரிகர்கள் கேட்டனர். நல்ல தண்ணீர்தான் என்று பதில் வந்தது. குடித்த குதிரைகளில் இரண்டு அங்கேயே விழுந்து செத்தன. இருவரும் எழுந்து வந்து அவற்றின் தோலை உரித்தனர்.

‘கோடெக்ஸ் காலிக்ஸ்டினஸ்’ எனும் தொகுப்பின் ஐந்தாம் பகுதியில் இந்தச் செய்தி வருகிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பயண வழிகாட்டிகளுள் ஒன்றாக அப்பகுதி கருதப்படுகிறது. எந்த ஆற்றின் நீர் குடிக்கத் தக்கது, எந்த ஊரில் நல்ல அப்பம் கிடைக்கும் என்பனவற்றோடு, படகில் ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றிக் கவிழவைத்து, மூழ்கியவர்களின் உடைமைகளை எடுத்துக்கொள்ளும் ஓடக்காரர்களைப் பற்றியும் அது எச்சரிக்கிறது. நூலாசிரியர் நவார்ரா மக்கள்மேல் தீராத வெறுப்புக் கொண்டவர். அவர்களைப் பற்றி அவர் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் சலாடோக் கரைக் காட்சியில், அயல்நாட்டில் நிகழும் ஏமாற்றின் உறுப்புகள் அனைத்தும் கூடியிருக்கின்றன. வழி தெரியாதவன் ஒருவன். வழி தெரிந்தவன் சொல்லும் இனிய அறிவுரை. முன்னரே தீட்டப்பட்ட கத்தி. நான்காவதாக ஒன்றும் உண்டு. ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளவில்லை, எழுதி வைத்தார். நாம் இங்கே பேச விரும்புவது இந்த நான்காவதைப் பற்றித்தான்.

*

1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ப்சன் என்றொருவன் கைதானான். நன்றாக உடுத்தி, வீதியில் போகிறவர்களோடு பழகியவனைப் போலப் பேசத் தொடங்கி, நாளை வரை உங்கள் கைக்கடியாரத்தை என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை உண்டா என்று கேட்பான். கொடுத்தவர்கள் இருந்தார்கள். செய்தித்தாள்கள் அவனுக்கு ‘நம்பிக்கை மனிதன்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டின. ஏமாற்றுக்காரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. 1857இல் ஹெர்மன் மெல்வில் அச்சொல்லையே தலைப்பாக்கி ஒரு நாவல் எழுதினார். நம் மொழியில் இதற்கு இவ்வளவு சுற்று தேவைப்படவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று பாமரரும் சொல்வதில் முழு வரலாறும் அடங்கிவிடுகிறது. கழுத்தை அறுப்பது கத்தி என்றாலும், அதற்கு வழி விடுவது நம்பிக்கை.

அப்படியானால் நம்பிக்கையே வாழ்முறையாக இருந்த ஒரு பாதையில் கழுத்தறுப்பவனுக்கு எவ்வளவு வசதி இருந்திருக்கும்! இருபதாம் நூற்றாண்டில் அப்படியொரு பாதை இருந்தது. அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் இறுதிவரை, முதுகில் ஒரு பையோடு மேற்கத்திய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இஸ்தான்புல்லில் தொடங்கித் தெஹ்ரான், காபூல், பெஷாவர், லாகூர், தில்லி வழியாகக் காத்மாண்டு வரை தரைவழியே வந்தார்கள். ஹிப்பிப் பாதை என்று அதற்குப் பெயர். இஸ்தான்புல்லில் ‘புட்டிங் ஷாப்’ என்று அவர்கள் அழைத்த உணவகத்தின் அறிவிப்புப் பலகை புகழ்பெற்றது. வண்டியில் இடம் உண்டு, இன்னாரைத் தேடுகிறேன், இந்தத் தேதியில் கிளம்புகிறேன் என்று துண்டுச் சீட்டுகள் அதில் குத்தப்பட்டிருக்கும். காபூலின் சிக்கன் ஸ்ட்ரீட், காத்மாண்டுவின் ஃப்ரீக் ஸ்ட்ரீட் ஆகியவை அவர்களால் பெயர் பெற்ற தெருக்கள். 1972இல் டோனி, மௌரீன் வீலர் இணையர் இவ்வழியே பயணம் செய்து, மறு ஆண்டு ஒரு சிறு கையேட்டை வெளியிட்டார்கள். ‘லோன்லி பிளானட்’ பதிப்பகம் அதிலிருந்து பிறந்தது.

அந்நாளில் கைபேசி இல்லை. அயல்நாட்டுத் தொலைபேசி அழைப்புக்கு ஆகும் செலவில் ஒரு வாரம் சாப்பிடலாம். வீட்டுக்கும் பயணிக்கும் இடையே இருந்த ஒரே நூல் கடிதம். ஒவ்வொரு பெருநகரின் தலைமை அஞ்சலகத்திலும், நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்வரை கடிதங்களைப் பாதுகாத்து வைக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அடுத்த மாதம் தில்லியில் இருப்பேன், அங்கே எழுதுங்கள் என்று காபூலிலிருந்து எழுதுவார்கள். ஒரு மாதம் கடிதம் வராவிட்டாலும் வீட்டில் எவரும் பதறமாட்டார்கள். பிள்ளை ஏதோ மலையில் இருப்பான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட நல்ல கால அவகாசம் எங்கே கிடைக்கும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பாதையில் வந்தவர்கள் எல்லாரும் வெள்ளை மனத்தினர் அல்லர். கையில் காசு தீர்ந்ததும் பயணிகள் காசோலைகளைக் கள்ளச் சந்தையில் பாதி விலைக்கு விற்றுவிட்டு, தொலைந்துபோயின என்று புகார் கொடுத்து மாற்றுக் காசோலை வாங்குவது பலருக்கும் தெரிந்த உபாயம். கடவுச்சீட்டுக்கும் அப்படியே விலை இருந்தது. இதனால் உண்மையிலேயே களவுகொடுத்தவன் தூதரக வாசலில் நின்றபோது, அலுவலரின் கண்ணில் ஐயம் முதலில் தோன்றியது. சிறு பொய்கள் பெரிய பொய்க்கு அரண் அமைத்துக் கொடுத்தன.

*

பாதையின் கிழக்குக் கோடிக்கு அப்பால் பாங்காக் இருந்தது. மாணிக்கமும் நீலமும் வந்து குவியும் சந்தை அது. கல் வியாபாரத்தின் பெயரால் பயணிகளை ஏமாற்றும் கலை அங்கே இன்றும் வாழ்கிறது. அரண்மனைக்குப் போகிறவரை நன்கு உடுத்திய ஒருவர் வழியில் நிறுத்துவார். இன்று அது மூடியிருக்கிறது என்பார். வேறு கோயில்களைக் காட்ட ஒரு மூன்று சக்கர வண்டியையும் அமர்த்திக் கொடுப்பார். கோயிலில் தற்செயலாகச் சந்திக்கும் இன்னொருவர், இன்று ஒருநாள் மட்டும் வரியில்லாமல் இரத்தினம் விற்கிறார்கள், உங்கள் ஊரில் இரு மடங்குக்குப் போகும் என்பார். வண்டி கடை வாசலில் நிற்கும். வாங்கிய கற்களைக் கடைக்காரரே அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் உண்டு. ஊர் திரும்பி நகைக்கடையில் காட்டும்போதுதான் அதன் உண்மை விலை தெரியவரும். அப்போது கடைக்கும் அவருக்கும் இடையே ஒரு கடல் இருக்கும்.

இந்த ஏமாற்றின் சூட்சுமம் கல்லின் தரத்தில் இல்லை. வாங்குபவர் தானும் ஒரு சிறு வியாபாரி ஆகிவிட்டதாக ஒரு பகல் முழுதும் நினைத்துக்கொள்கிறார். அடுத்தவரிடம் இரு மடங்குக்கு விற்கலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். ஏமாந்தது தெரிந்ததும் அந்தக் கணக்கே அவர் வாயை அடைக்கிறது. பேராசை பெருநட்டம் என்று பிறர் சொல்வதற்கு முன் தாமே சொல்லிக்கொண்டு பேசாமலிருந்துவிடுகிறார். அடுத்த நாள் அதே இடத்தில் வேறொருவர் நிறுத்தப்படுகிறார்.

1975இல் பாங்காக்கின் அடுக்ககம் ஒன்றில், பிரெஞ்சு பேசும் இரத்தின வியாபாரி ஒருவன் குடியிருந்தான். அலேன் கோத்தியே என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். உண்மைப் பெயர் சார்லஸ் சோப்ராஜ். இந்தியத் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் 1944இல் சைகோனில் பிறந்தவன். பயணிகளை விருந்துக்கு அழைப்பான். மலிவாகக் கல் வாங்கித் தருகிறேன் என்பான். தங்க இடமும் கொடுப்பான். வந்தவர்களுக்கு விரைவில் வயிற்றுப்போக்கும் மயக்கமும் கண்டன. கீழை நாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே அவர்கள் நினைத்தார்கள். அவனே அருகிருந்து மருந்து கொடுத்தான். நோயும் அம்மருந்திலேயே இருந்தது. அவர்களது கடவுச்சீட்டும் காசோலையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் பெட்டிக்குள் போயின. சிலர் அண்டை வீட்டாரின் உதவியால் தப்பினார்கள். சிலர் பிணமானார்கள். நல்ல தண்ணீர்தான் என்று சொன்னவர்களின் வழித்தோன்றல் என்று அவனைச் சொல்லத் தடையில்லை.

டச்சு இணையர் ஒருவர் அவனை ஹாங்காங்கில் சந்தித்து, அழைப்பை ஏற்றுப் பாங்காக் வந்தனர். 1975 டிசம்பரில், பாங்காக்குக்கு வடக்கே அயுத்தயா செல்லும் வழியில் எரிக்கப்பட்ட இரு உடல்கள் கிடைத்தன. முதலில் அவர்கள் ஆஸ்திரேலியர்கள் என்று கருதப்பட்டது. பின்னர் அந்த ஆஸ்திரேலியர்கள் உயிரோடிருப்பது தெரிந்தது. எனில் இறந்தவர்கள் யார் என்று தேட எவரும் அவசரப்படவில்லை.

தேடவைத்தது ஒரு கடிதம். 1976 பிப்ரவரியில், பாங்காக்கிலிருந்த நெதர்லாந்துத் தூதரகத்துக்கு ஊரிலிருந்து உறவினர் ஒருவர் எழுதினார். வீட்டுக்குத் தவறாமல் எழுதிவந்த இருவரிடமிருந்து ஆறு வாரங்களாக ஒரு வரியும் இல்லை என்பதே செய்தி. அது அங்கே இளநிலை அதிகாரியாக இருந்த ஹெர்மன் க்னிப்பன்பெர்க்கின் மேசைக்கு வந்தது. எரிந்த உடல்கள் பற்றிய செய்தி அவர் நினைவுக்கு வந்தது. பல் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு இறந்தவர்கள் யாரென்று உறுதி செய்தார். கடவுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் இரத்தின வியாபாரியைப் பற்றி வேறொரு தூதரகத்தில் பணிபுரிந்தவர் சொன்னது அடுத்த கண்ணி. அண்டை வீட்டுப் பிரெஞ்சு இணையர் கண்டவற்றைச் சொன்னார்கள். மார்ச் மாதம் தாய்லாந்துக் காவல்துறை சோப்ராஜை அழைத்து விசாரித்து வெளியே விட்டுவிட்டது. அவன் நாட்டைவிட்டே போனான். காலியான வீட்டில் மருந்துகளும் இறந்தவர்களின் உடைமைகளும் கிடைத்தன.

அதே ஆண்டு ஜூலையில், தில்லி விடுதியொன்றில் பிரெஞ்சு மாணவர் குழுவுக்கு வயிற்றுக்கு நல்லது என்று அவன் கொடுத்த மாத்திரைகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் வேலை செய்தன. பலர் ஒரே நேரத்தில் சுருண்டு விழ, எஞ்சியவர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு அவனைப் பிடித்து ஒப்படைத்தார்கள். தனியாக இருந்தவர்கள் இறந்தார்கள். கூட்டமாக இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒருவர் விழுவதை மற்றவர் பார்க்க முடிந்தது என்பதுதான் வேறுபாடு.

*

பிறகு நடந்தவை பரவலாக அறியப்பட்டவை. 1986இல் திகார் சிறைக் காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பைக் கொடுத்துத் தப்பியதும், சில வாரங்களில் கோவாவில் பிடிபட்டதும், 1997இல் விடுதலையாகிப் பாரிஸில் பணம் பெற்றுக்கொண்டு பேட்டி கொடுத்ததும் நாளிதழ்களில் விரிவாக வந்தன. பன்னிரண்டுக்கு மேற்பட்ட கொலைகளில் அவன் சந்தேகிக்கப்பட்டான். 2003இல் தானாகக் காத்மாண்டு போய் அங்கே கைதானான். 1975இல் அங்கு நிகழ்ந்த இரு கொலைகளுக்காக 2004இலும் 2014இலும் தண்டிக்கப்பட்டான். 2022 டிசம்பரில் நேபாள உச்ச நீதிமன்ற ஆணைப்படி விடுவிக்கப்பட்டுப் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டான்.

நமக்கு உறுத்துவது வேறொன்று. 1979இல் அவனைப் பற்றி இரு பெரும் நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றை எழுதிய இருவரில் ஒருவர் ‘ஓஸ்’ இதழின் ஆசிரியரும், ஹிப்பிப் பண்பாட்டின் குரல்களுள் ஒருவருமான ரிச்சர்ட் நெவில். அவரிடம் சோப்ராஜ் கொலைகளை விரிவாக விவரித்தான். பின்னர் எல்லாவற்றையும் மறுத்தான். தொடர்ந்து திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் வந்தன. எல்லாவற்றிலும் அவனது வசீகரம் பேசப்பட்டது. பாம்பு என்று பட்டப்பெயர் கிடைத்தது. பிரெஞ்சுப் பேச்சு, மொழித்திறன், பெண்களைக் கவரும் சிரிப்பு என்று நாமும் ஆவலோடு வாசித்தோம். விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் மயங்கியதும் இவற்றில்தானே! ஏமாந்தவர்களை ‘இப்படியுமா நம்புவார்கள்’ என்று ஒரு வரியில் கடந்துவிட்டு ஏமாற்றியவனுக்கு அத்தியாயங்கள் ஒதுக்கும் வாசிப்பு, அவனுடைய கடைக்குள் இன்னொரு முறை நுழைவதுதான்.

பிள்ளைகள் நம்பியதில் குற்றமில்லை. துருக்கியிலும் ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த தேநீரும் ரொட்டியும்தான் அவர்களை அவ்வளவு தூரம் கொண்டுவந்தன. நூறு வீடுகளில் உண்மையாக இருந்த உபசாரம் நூற்றொன்றாம் வீட்டில் பொய்யாக இருந்தது. எல்லாரையும் சந்தேகித்திருந்தால் அவர்கள் இஸ்தான்புல்லையே தாண்டியிருக்கமாட்டார்கள்.

1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதையை மூடிவிட்டன. ஏமாற்று மூடப்படவில்லை. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் பாங்காக் சென்ற தமிழக இளைஞர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடியில் அடைக்கப்பட்டு, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு அடித்து நிர்ப்பந்திக்கப்பட்டனர். அங்கிருந்து அவர்கள் அனுப்பிய காணொளி இங்கே பலரை உலுக்கியது. கடன் வாங்கி அனுப்பிய வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கும் ஒருவன் அந்தக் காணொளியைப் பதிவு செய்ய என்ன துணிவு வேண்டியிருந்திருக்கும்!

க்னிப்பன்பெர்க் தம் கோப்புகளைத் தூக்கி எறியவில்லை. பணி ஓய்வுக்குப் பின் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தபோதும் அவை பெட்டிகளில் உடன் சென்றன. 2003இல் காத்மாண்டுக் கைதுச் செய்தி வந்ததும் பெட்டிகளை மீண்டும் திறந்தார். ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் அந்தக் காகிதங்கள் காத்திருந்தன. அவற்றின் தொடக்கத்தில் இருப்பது, கடிதம் வரவில்லையே என்று கவலைப்பட்ட ஒரு வீட்டின் கடிதம்.

சலாடோவின் கரையில் குதிரையை இழந்தவரும் அதையே செய்தார். தன் முட்டாள்தனம் வெளிப்படுமே என்று எண்ணாமல், அந்த நீரைக் குடிக்காதீர்கள் என்று பின்னால் வருபவருக்கு எழுதினார். பயணம் போய் ஏமாந்து வந்தவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கக்கூடும். அவர்கள் சொல்ல வாயெடுக்கும்போது நாம் சிரிக்காமல் இருந்தால் போதும். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.