பல்லால் கடித்த காகிதம்

வன்னிக் கிராமங்களிலே, குழல்வாயின் வழியாக மருந்து நிரப்பும் பழைய துவக்கை 'இடியன்' என்பார்கள். மருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, கம்பியால் இடித்து இறுக்க வேண்டியிருப்பதால் வந்த பெயர். இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நமது கிராமத்தவரின் பெயர் சூட்டும் திறனை நான் வியப்பதுண்டு. 'தோட்டா' என்ற சொல்லோ வடக்கே உருது வழியாக வந்து சேர்ந்தது. ஒல்லாந்தர் தோட்டாவைப் 'பத்ரோன்' என்றார்கள். சிங்களத்தில் இன்று வழங்கும் 'பத்தரொம்' அதனை நினைவூட்டுகிறது. படைகள் வந்து போய்விட்டன, சொற்கள் தங்கிவிட்டன.

நேயர்களே, நான் இன்று பேச விரும்புவது பித்தளைத் தோட்டாவைப் பற்றியல்ல. அதன் முன்னோரைப் பற்றி. ஒரு வேட்டுக்கு வேண்டிய மருந்தை முன்கூட்டியே அளந்து கட்டி வைக்கும் வழக்கத்தைப் பற்றி.

வெடிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கலவை. முக்காற் பங்கு வெடியுப்பு. கண்டி இராச்சியத்தவர் அதனை மலைக்குகைகளிலே தோண்டியெடுத்துக் காய்ச்சினார்கள். மீமுரேயை அண்டிய அத்தகைய குகை ஒன்றை ஜோன் டேவி 1821இல் வெளியான தமது நூலில் விவரித்திருக்கிறார். மருந்து கிடைப்பதிலும் பார்க்க அதனை அளப்பதே சிரமம். கூடினால் குழல் வெடிக்கும். குறைந்தால் குண்டு போய்ச் சேராது. வேடன் ஆறுதலாக அளந்து போடலாம். எதிரே குதிரைப்படை பாய்ந்து வரும்போது, ஒரு கையில் எரியும் திரியையும் வைத்துக்கொண்டு, கொம்பிலிருந்து மருந்தை அளப்பது எப்படி?

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் இதற்கு ஒரு வழி கண்டன. தோளிலிருந்து குறுக்கே தொங்கும் தோல்வார். அதிலே சிறு சிறு மரக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேட்டுக்கான மருந்து. பெரும்பாலும் பன்னிரண்டு குப்பிகள் இருந்தபடியால் 'பன்னிரு அப்போஸ்தலர்' என்ற பெயரும் பிற்காலத்தில் அவற்றுக்கு ஏற்பட்டது. ஜேக்கப் டி கெய்ன் என்ற ஒல்லாந்து ஓவியர் 1607இல் வெளியிட்ட படைப்பயிற்சி நூலில், மஸ்கட் என்னும் துவக்கைக் கையாளும் நிலைகளை மட்டும் 43 படங்களிலே காட்டினார். குப்பியைத் திறப்பதும் கவிழ்ப்பதும் தனித்தனி நிலைகள். எண்ணற்ற மனிதரை ஒரே அசைவில் இயங்கும் பொறியாக்கும் முயற்சி அது. கலைஞன் ஒருவனின் கை அதற்குப் பயன்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

குப்பிகளுக்குக் குறைகள் இருந்தன. 1677இல் ஓரெரி பிரபு தமது போர்க்கலை நூலில் அவற்றை எடுத்துக் கூறினார். ஒரு குப்பியில் தீப்பிடித்தால் மற்றவையும் பற்றி, அணிந்தவனையும் அயலில் நிற்பவனையும் கொல்லும். காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதும் கலகலப்பில் கட்டளை காதில் விழாது. இரவிலே அந்த ஓசையே எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும். அவர் விரும்பியது காகிதத் தோட்டாவையும், அதனை வைக்கும் இடுப்புப் பெட்டியையும். சுவீடன் மன்னர் குஸ்தாவஸ் அடொல்பஸ் (இவர் 1632இல் போர்க்களத்திலே இறந்தவர்) தமது படையில் காகிதத் தோட்டாவைப் புகுத்தியவர் என்று கூறப்படுவதுண்டு.

காகிதத் தோட்டா செய்வது பீடி சுற்றுவது போன்ற கைவேலைதான். உருண்டைத் தடியொன்றிலே காகிதத்தைச் சுற்றி, முனையில் ஈயக்குண்டை வைத்து நூலால் கட்டி, தடியை உருவிவிட்டு, அளந்த மருந்தைக் கொட்டி, மேல்முனையை மடிப்பார்கள். சிப்பாய் அந்த மடிப்பைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். சிறிது மருந்தைப் பற்றவைக்கும் கிண்ணியிலும் மிகுதியைக் குழலிலும் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் சேர்த்து இடிப்பான். உறையே தக்கையும் ஆயிற்று. தேர்ந்த பிரித்தானியச் சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று வேட்டு வரையில் தீர்க்க இதுவே உதவியது. பல்லுக்கும் படையிலே மதிப்பு வந்தது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது முன்பற்கள் இல்லாதவர்களைப் படையிற் சேர்க்காமல் திருப்பியனுப்பினார்கள். வெடியுப்பின் கரிப்பு நாவில் ஏறி, சண்டை நடுவே தாகம் வாட்டியது வேறு கதை.

பல்லால் கடிக்கும் இந்தப் பழக்கம்தான் 1857இல் ஒரு சாம்ராச்சியத்தை உலுக்கியது. பாடநூல்களில் ஒரே வாக்கியமாகப் படித்த செய்தி. ஆனால் அந்த வாக்கியம் முழுவதும் சரியல்ல.

பழைய மஸ்கட்டின் குழல் வழுவழுப்பானது, குண்டு தளர்வாக உருண்டு இறங்கும், கொழுப்புத் தேவையில்லை. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் துவக்கின் குழலிலோ உள்ளே புரிகள் வெட்டப்பட்டிருந்தன. ஏறக்குறைய 4½ கிராம் மருந்து எரிந்து விட்டுச்செல்லும் கசடு புரியிலே படிந்து, அடுத்த குண்டை இறங்கவிடாது. ஆகவே தோட்டாவில் குண்டிருக்கும் பக்கத்துக் காகிதத்திலே மிருகக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசினார்கள். அந்தக் கொழுப்பு எந்த மிருகத்தினுடையது?

1857 ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாயிடம் செம்புத் தண்ணீர் கேட்டான். சிப்பாய் சாதி கெடும் என்று மறுத்தான். 'பசுவினதும் பன்றியினதும் கொழுப்புப் பூசிய தோட்டாவைக் கடிக்கப் போகிறாய். அப்போது உன் சாதி எங்கே?' என்ற கருத்தில் தொழிலாளி திருப்பிக் கேட்டதாக அதிகாரிகள் மேலிடத்துக்கு அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் மறுக்கப்பட்டவனின் பதில் அது. கலகத்தைப் பற்றி எழுதுவோர் இந்தத் தொழிலாளியின் தாகத்தில் ஒரு கணமேனும் தங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அந்த மாதமே, கொழுப்புப் பூசாத தோட்டாவைக் கொடுத்து, சிப்பாய்கள் தாமே விரும்பிய நெய்யைப் பூசிக்கொள்ளலாம் என உத்தரவிட்டது. மார்ச்சில் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கவும் அனுமதித்தது. ஆனால் கொழுப்பு எந்த மிருகத்தினது என்று திட்டமாகச் சொல்ல அதிகாரிகளால் முடியவில்லை. அதனை வாங்கும்போது எவரும் அக்கறையோடு விசாரித்திருக்கவில்லை. அதனால்தான், சிப்பாய்களின் அச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவதை நான் ஏற்பதில்லை. மேலும், 1806இல் வேலூரிலே தலைப்பாகையையும் நெற்றிக்குறியையும் தொட்டு என்ன நேர்ந்தது என்பதை ஐம்பது ஆண்டுகளுக்குள் கும்பனியார் மறந்தது எப்படி?

அதன்பின் அச்சம் தோட்டாவை விட்டுக் காகிதத்துக்குத் தாவியது. பெப்ரவரி 26இல் பேரம்பூரிலே 19ஆவது படைப்பிரிவு மறுத்தது புதிய தோட்டாவையல்ல. பழைய மஸ்கட்டுக்கான தோட்டாவை. காகிதத்தின் நிறத்தில் வேறுபாடு தெரிந்ததே காரணம். மீரட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஏப்ரல் 24ஆம் திகதி, 3ஆவது இலகு குதிரைப்படையின் 90 வீரர்கள் அணிவகுத்து நின்றார்கள். கையால் கிழிக்கும் புதிய முறையைக் காட்டிச் சலுகை வழங்குவதாகவே தளபதி நினைத்தார். கொடுக்கப்பட்டவை அவர்கள் வழக்கமாகப் பாவித்த பழைய வகைத் தோட்டாக்கள். 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9இல் அனைவர் முன்னிலையிலும் அவர்களின் சீருடை களையப்பட்டுக் காலில் விலங்கு பூட்டப்பட்டது. அதற்கு நீண்ட நேரம் பிடித்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை மீரட் எரிந்தது.

இத்தனைக்கும், என்ஃபீல்ட் பயிற்சி அப்போது டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று நிலையங்களில் மாத்திரமே தொடங்கியிருந்தது. கலகத்தில் எழுந்த வங்காளச் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கொழுப்புத் தோட்டாவைக் கண்ணாலும் கண்டதில்லை.

கலகம் அடங்கிய பின்னர் பிரித்தானியர் சிப்பாய்களுக்கென்று வேறொரு துவக்கைச் செய்வித்தார்கள். புறத்தோற்றத்தில் அதே என்ஃபீல்ட். குழலின் உள்ளே மட்டும் புரிகள் இல்லை; பழைய மஸ்கட்டைப் போல வழுவழுப்பு.