சுரங்க நில மீட்பில் மண் தகுதி மதிப்பீடு: சித்தூர், திருப்பதி

சுரங்கமோ கல் குவாரியோ நடந்து முடிந்த நிலத்தில் பயிரோ புல்லோ காடோ மீண்டும் நிலைக்குமா என்பதை மண்ணைச் சோதித்து முடிவு செய்வது மண் தகுதி மதிப்பீடு. எந்தப் பயனுக்காக நிலம் மீட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே தகுதி அமையும். நிலக்கடலைக்கு உதவாத மண் மேய்ச்சல் புல்லுக்கு உதவலாம். ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கருங்கல், தங்கம், சிலிகா மணல் மூன்றுமே தோண்டப்பட்டுள்ளன. மூன்றும் விட்டுச்செல்லும் மண் வெவ்வேறு.

கருங்கல் குவாரிகள்

குப்பம் பகுதியின் பச்சைச் சாயல் கொண்ட கருங்கல் ‘குப்பம் கிரீன்’ என்ற பெயரில் விற்பனையாகிறது. விரிசலோ நிறமாற்றமோ உள்ள கல் விலைபோகாமல் குவாரி ஓரத்தில் குவிகிறது. அந்தக் குவியலில் குழி எடுத்தால் கற்களுக்கிடையே வெற்றிடமே மிகுதி. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். வயிரக் கம்பி ரம்பம் அறுக்கையில் சேரும் கல்மாவோ காய்ந்ததும் ஓடாக இறுகி, மழைநீரை உள்ளே விடாது. வேருக்கு இடமும் ஈரமும் இல்லாததே இங்கு முதன்மைக் குறை. எனவே மண்ணின் ஆழம், 2 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களின் பங்கு, நீர்ப்பிடிப்பு, இறுக்கம் ஆகியவற்றை முதலில் அளக்க வேண்டும்.

தங்கச் சுரங்கக் கழிவு

கோலார் பாறைப் பட்டையின் தென்பகுதி சித்தூர் மாவட்டத்துக்குள் நீள்கிறது. அங்கு பிசாநத்தம், சிகரகுண்டா சுரங்கங்களை பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்தியது. மாநில எல்லைக்கு அப்பால், தமிழர்கள் பல தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அரைத்த தாதுவிலிருந்து சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு இன்றும் அங்கே சயனைடு மேடுகளாக நிற்கிறது. பலத்த காற்றில் அதன் தூள் குடியிருப்புகளுக்குப் பறக்கிறது.

தங்கத் தாதுவோடு வரும் சல்ஃபைடு கனிமங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலத்தை உண்டாக்கக்கூடும். அமிலத்தில் உலோகங்கள் கரையும். இன்று நடுநிலையாக இருக்கும் கழிவு சில ஆண்டுகளில் புளித்துவிடலாம் என்பதால், அமிலம் உண்டாக்கும் திறனையும் அதை அடக்கும் திறனையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுவார்கள். ஆர்செனிக், காரீயம், எஞ்சிய சயனைடு ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். இவை மிகுந்த இடத்தில் உணவுப் பயிரும் தீவனமும் கூடாது. தூய மண்ணால் மூடி மரம் வளர்ப்பதே பாதுகாப்பு.

சிலிகா மணல்

2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்த சில்லகூரு, கோட்டா கடலோரப் பகுதிகளில் சிலிகா மணல் எடுக்கப்படுகிறது. மணல் நீரையும் சத்தையும் தக்கவைப்பதில்லை. ஆழமாகத் தோண்டினால் குழியில் நிலத்தடி நீர் ஊறிவிடும். நீர்மட்ட ஆழமும் உப்புத்தன்மையும் இங்கே தீர்மானிக்கும் அளவைகள். நீர் தேங்காத, உப்பேறாத மணலுக்குச் சவுக்கும் முந்திரியும் பொருந்தும்.

பொது அளவைகள்

• அமில-கார நிலை: 6.5 முதல் 7.5 வரை பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது.
• மின்கடத்து திறன்: மீட்டருக்கு 1 டெசிசைமனுக்குக் கீழ் இருந்தால் உப்புத் தொல்லை இல்லை.
• கரிமக் கார்பன்: 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் குறைவு, 0.75-க்கு மேல் நல்லது.
• மண் அடர்த்தி: களி கலந்த மண்ணில் கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராமைத் தாண்டினால் வேர் இறங்கத் திணறும்.

இந்த எண்களை அருகிலுள்ள தோண்டப்படாத நிலத்தின் எண்களோடு ஒப்பிட்டால்தான் இழப்பின் அளவு தெரியும். செம்மண் மிகுந்த இவ்வட்டாரத்தில் தொடாத நிலத்திலும் கரிமச் சத்து குறைவாக இருப்பதுண்டு. மரத் தேர்விலும் உள்ளூர் நிலமே வழிகாட்டி: சேஷாசல மலையின் செம்மரம், வேம்பு, புங்கை ஆகியவை வறண்ட, ஆழமற்ற மண்ணைத் தாங்கும்.

மேல்மண்ணும் சட்டமும்

1999-ஆம் ஆண்டின் கருங்கல் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளும் 2017-ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளும் மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து மீட்புக்குப் பயன்படுத்தச் சொல்கின்றன. தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்க 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மேல்மண்ணை உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளிருக்கும் விதைகளும் வேர்ப்பூஞ்சைகளும் அழிந்துவிடும். தாழ்வாகக் குவித்து, மேலே புல் வளர்த்து, விரைவில் பரப்புவதே முறை. மேல்மண் கைவசம் இல்லாத பழைய குவாரிகளுக்கு ஏரி வண்டலும் தொழுவுரமும் மாற்று. ஆனால் பல நூற்றாண்டுகளில் உருவான மண்ணுக்கு அவை முழு ஈடாகா. ஆகவே மதிப்பீட்டைச் சுரங்கம் மூடும் நாளுக்குத் தள்ளிவைக்காமல், முதல் வெடி வைக்கும் முன்பே செய்து, மேல்மண்ணின் ஆழத்தையும் தரத்தையும் பதிவு செய்துவிட வேண்டும்.