பதினொரு வயதுக் கணக்கு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம், இங்கிலாந்தில் ஒரு குழந்தை சர்வகலாசாலை வரை சென்று படிக்குமா, பதினைந்தாம் வயதிலேயே படிப்பை நிறுத்தித் தொழிலுக்குப் போகுமா என்பதை, அது பத்து பதினொரு வயதில் எழுதிய கணக்குத் தாளும் ஆங்கிலத் தாளும் புத்திக்கூர்மைத் தாளுமே பெரும்பாலும் நிர்ணயித்து வந்தன. 'இலெவன் பிளஸ்' என்று வழங்கிய அந்தப் பரீட்சையை, ஏழைகளை வடிகட்டித் தள்ளுவதற்கென்றே வகுத்த ஏற்பாடென்று கண்டிப்போர் பலர். ஆனால் அதன் பூர்வ சரித்திரத்தைப் பார்த்தால், ஏழைக் குழந்தைக்கும் உயர்தரப் பள்ளியின் கதவு திறக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே அதற்கு வித்தாக இருந்தது தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், லத்தீனும் உயர்கணிதமும் போதித்த 'கிராமர்' பள்ளிகளில் சம்பளம் கட்ட வல்லவர்களின் பிள்ளைகளே பெரும்பாலும் படித்தார்கள். 1893 முதல் லண்டன் மாநகரில் சிட்னி வெப் போன்ற சீர்திருத்தவாதிகளின் முயற்சியால், ஆரம்பப் பள்ளி மாணவர்களுக்குப் பரீட்சை வைத்து உபகாரச் சம்பளம் வழங்கும் முறை விரிவடைந்தது. பின்னர் 1907-ஆம் ஆண்டின் விதிகள், அரசாங்கத்திடம் முழு மானியம் பெற விரும்பும் உயர்தரப் பள்ளி ஒவ்வொன்றும் தன் இடங்களில் நூற்றுக்கு 25-ஐ ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சம்பளமின்றி ஒதுக்க வேண்டும் என்று விதித்தன. இடங்களோ சில, விரும்பியவர்களோ பலர். ஆகவே நுழைவுப் பரீட்சை தவிர்க்க முடியாததாயிற்று. 'ஸ்காலர்ஷிப்' என்று தாய்மார்கள் சொல்லி வந்த அந்தப் பரீட்சையில், கணக்கே பெற்றோரின் பெரிய நம்பிக்கையாகவும் குழந்தையின் பெரிய அச்சமாகவும் விளங்கியது.

அந்தக் கணக்கு எத்தகையது என்பதைச் சற்று அருகிலிருந்து காண வேண்டும். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. பதினாறு அவுன்ஸ் ஒரு ராத்தல், பதினான்கு ராத்தல் ஒரு ஸ்டோன். பன்னிரண்டு அங்குலம் ஓரடி, மூன்றடி ஒரு கஜம், 1,760 கஜம் ஒரு மைல்: இவ்வாறு ஒன்றோடொன்று ஒத்துவராத அளவைகளையெல்லாம் குழந்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கஜம் 3 ஷில்லிங் 4½ பென்ஸ் விலையுள்ள துணியில் ஏழு கஜத்துக்கு விலை என்ன என்று கேட்டால், அரைப் பென்னியை ஏழால் பெருக்கி 3½ என்று கண்டு, நாலேழு இருபத்தெட்டோடு அதனைக் கூட்டி 31½ பென்ஸ் ஆக்கி, அதைப் பன்னிரண்டால் வகுத்து 2 ஷில்லிங் 7½ பென்ஸ் என்று பிரித்து, மூவேழு இருபத்தொரு ஷில்லிங்கோடு சேர்த்து, 1 பவுண்டு 3 ஷில்லிங் 7½ பென்ஸ் என்று பிழையின்றி எழுத வேண்டும். இதற்குத் தேவைப்பட்டது பிறவி மேதையன்று. பன்னிரண்டாம் வாய்பாடு வரை நாவில் நிற்கும் பழக்கமும், ஒவ்வொரு நாளும் பிழைகளைத் திருத்தித் தர ஓர் உபாத்தியாயரோ படித்த பெற்றோரோ அருகில் இருக்கும் பாக்கியமுமே.

அறிவைவிடப் பயிற்சியையே அளக்கும் இந்தக் குறையை உணர்ந்த அறிஞர்களும் இருந்தார்கள். நார்தம்பர்லாந்து மாவட்டத்தில், தொலைதூரக் கிராமப் பள்ளிகள் பலவற்றிலிருந்து இலவச இடங்களுக்குப் பிள்ளைகளே வராதது கண்டு கவலையுற்ற கல்வி அதிகாரிகள், காட்ஃப்ரி தாம்சன் என்னும் பேராசிரியரை அணுகினர். பயிற்சியைச் சாராமல் இயற்கை அறிவையே அளக்கக் கூடிய வினாக்களை 1921-இல் அவர் இயற்றினார். எடின்பரோவின் மோரே ஹவுஸில் பின்னர் அவர் நடத்திய பணியின் பயனாக, அத்தகைய தேர்வுகள் நாடெங்கும் பரவின. சிரில் பர்ட் போன்ற உளநூலார், பிறவியிலேயே அமைந்த புத்தியைப் பதினொரு வயதில் திட்டமாக அளந்துவிடலாம் என்று போதித்தனர். உள்ளத்தை அளக்கும் தராசு கைக்கு வந்துவிட்டதாக ஒரு தலைமுறையே நம்பியது.

இந்த நம்பிக்கையின் நடுவே வந்தது, கல்வி மந்திரி ஆர். ஏ. பட்லரின் பெயரால் வழங்கும் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அரசாங்க உயர்தரப் பள்ளிகளில் சம்பளம் என்பதையே அது ஒழித்தது. அந்த மகத்தான சீர்திருத்தத்தின் விளைவாகவே போட்டி முன்னிலும் உக்கிரமாயிற்று. பணம் காவல் நின்ற வாயிலில் இப்போது பரீட்சை மட்டுமே காவல் நின்றது. சராசரியாக நால்வரில் ஒருவருக்கோ ஐவரில் ஒருவருக்கோதான் கிராமர் பள்ளியில் இடம். அந்த விகிதமும் மாவட்டத்துக்கு மாவட்டம் பெரிதும் வேறுபட்டது. ஓரிடத்தில் தேறியிருக்கக் கூடிய குழந்தை, அடுத்த மாவட்டத்தில் வசித்த காரணத்தால் தோற்றது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த பல ஊர்களில், பெண்களுக்குரிய இடங்கள் குறைவாக இருந்தமையால், சிறுமியர் சிறுவரைவிட அதிக மதிப்பெண் பெற்றும் வெளியே நிற்க நேர்ந்தது.

அறிவை அளந்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தராசு, உண்மையில் ஆசனங்களையே எண்ணிக் கொண்டிருந்தது.

பரீட்சைத் தயாரிப்பு என்னும் தொழில் இந்தப் போட்டியில்தான் செழித்தது. ஆரம்பப் பள்ளிகளிலேயே ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்து, ஏ பிரிவினருக்கு மனக்கணக்கும் மாதிரித் தாள்களும் இடைவிடாமல் கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கமாயிற்று. வசதியுள்ள வீடுகளில் டியூஷன் ஆசிரியர் வந்து சேர்ந்தார். பயிற்சிக்கு அப்பாற்பட்டதென்று கருதப்பட்ட புத்திக்கூர்மைத் தேர்விலும் பயிற்சியால் மதிப்பெண் உயர்வதை, 1950-களில் பிலிப் வெர்னன் முதலிய உளநூலார் எடுத்துக் காட்டினர். எவ்வளவு கவனத்தோடு தெரிந்தெடுத்தாலும் பத்தில் ஒரு குழந்தை தவறான பள்ளிக்கே அனுப்பப்படும் என்று யேட்ஸ், பிட்ஜன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1957-இல் முடிவு கூறினர்.

1965-இல் கல்வி மந்திரி அந்தனி கிராஸ்லாந்து, எல்லாக் குழந்தைகளும் ஒரே வகைப் பள்ளியில் பயிலும் முறைக்குத் திட்டம் வகுக்குமாறு மாவட்டங்களைக் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். பெரும்பாலான மாவட்டங்களில் அப்பரீட்சை படிப்படியாக மறைந்தது. 1971 பிப்ரவரியில் தசம நாணயம் வந்தபோது பென்னி-ஷில்லிங் கணக்கும் மறைந்தது. எனினும் கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் முதலிய இடங்களில் கிராமர் பள்ளிகள் நிலைத்து நிற்கின்றன. இங்கிலாந்து முழுவதிலும் இன்று எஞ்சியவை 163. இடங்கள் அருகிய அளவுக்குத் தயாரிப்பு பெருகியிருக்கிறது. லண்டன் புறநகர்களில் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவும் சனிக்கிழமை டியூஷன் வகுப்புகளில் இந்த முயற்சியில் பங்கு கொள்கின்றன.

குழந்தையைக் கணக்கில் தேர்ச்சி பெறச் செய்வது குற்றமன்று. அது நல்ல பெற்றோரின் கடமை. பின்னமும் விகிதமும் கைவந்த குழந்தை, பரீட்சையில் வென்றாலும் தோற்றாலும் அந்தச் செல்வத்தை இழப்பதில்லை. தவறு வேறிடத்தில் இருக்கிறது. ஆசனங்களைச் சுருக்கி வைத்துவிட்டு, வெளியே நின்ற குழந்தையைப் பார்த்து உனக்குப் புத்தி போதாது என்று ஒரு சமூகம் சொல்லத் துணிந்ததே, இந்த அறுபது எழுபதாண்டுச் சரித்திரத்தில் நிகழ்ந்த பெரிய அநீதி. நாட்டின் கல்வியைத் திட்டமிடுவோர், எத்தனை குழந்தைகள் தேறினார்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை இடங்கள் அமைத்தோம் என்று தம்மையே கேட்டுக் கொள்வார்களானால், கணக்குப் பாடம் குழந்தைகளுக்கு அச்சமாக இராது, அறிவாகவே அமையும்.